காய்கறிச் சந்தா: பருவப் பங்கா, வாரப் பெட்டியா, முன்பண அட்டையா?

‘பண்ணையிலிருந்து நேரடியாக’ என்று சொல்லிச் சந்தா வாங்கும் திட்டங்கள் எல்லாம் ஒரே ரகமல்ல. பயிர் பொய்த்தால் நஷ்டம் யார் தலையில் என்று கேளுங்கள். எந்த ரகம் என்று பதிலிலேயே தெரிந்துவிடும்.

பருவப் பங்கு

விதைப்புக்கு முன்பே பருவம் முழுமைக்கும் பணம் கட்ட வேண்டும். குளிர்நாடுகளில் அது பெரும்பாலும் 18 முதல் 24 வாரம். விதை, உரம், ஆள்கூலி எல்லாம் முதல் அறுவடைக்கு முன்பே கையைக் கடிக்கும். அந்த மாதங்களை விவசாயி கடனில்லாமல் தாண்டத்தான் இந்த முன்பணம். பதிலுக்கு, அந்தந்த வாரம் வயலில் அறுத்ததைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்துத் தருவார்கள். ஆலங்கட்டி மழை தக்காளியை அடித்துப் போட்டால் தக்காளி கிடையாது, பணமும் திரும்பாது. அமோகமாக விளைந்தால் பெட்டி வழியும், கூடுதல் பணமும் கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸின் இந்தியன் லைன் பண்ணையும், நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்டன் பண்ணையும் தொடங்கிவைத்தது இந்த நஷ்டப் பகிர்வைத்தான்.

ஜெர்மனியில் பல பண்ணைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஆண்டுச் செலவுக் கணக்கைக் கூட்டத்தில் விரித்து வைப்பார்கள். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒவ்வொருவரும் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தருவார்கள். கூட்டிப் பார்த்துச் செலவுக்குப் போதவில்லை என்றால் இன்னொரு சுற்று. வசதி உள்ளவர் கூடக் கொடுப்பார், இல்லாதவர் குறையக் கொடுப்பார். பெட்டி மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

சிக்கல் எங்கே வரும்? முதல் சில வாரம் பெட்டி முழுக்க இலைதான், ஏனென்றால் சீக்கிரம் அறுவடைக்கு வருவது அதுதான். அதைவிடப் பெரிய சிக்கல், விதைப்பைத் தவணை பிரிக்காத பண்ணை. லெட்யூஸ், கீரை, முள்ளங்கி போன்றவற்றை இரண்டு மூன்று வார இடைவெளியில் மறுபடி மறுபடி விதைக்க வேண்டும். மொத்தமாக விதைத்துவிட்டால் ஒரு வாரம் மலைபோல் குவியும், அடுத்த வாரங்கள் காலி. எனவே சேருமுன் மூன்று கேள்வி: எத்தனை பங்கு விற்றிருக்கிறீர்கள், போன பருவம் வாரவாரம் பெட்டியில் என்ன இருந்தது, எடுக்காமல் விட்ட பெட்டி என்னவாகும்? இரண்டாவது கேள்விக்குப் பட்டியல் காட்ட முடியாத பழைய பண்ணையை நம்ப வேண்டாம். முதல் ஆண்டுப் பண்ணையிடம் பட்டியலே இருக்காது, அங்கே அரைப் பங்கோடு நிறுத்துவது புத்திசாலித்தனம்.

அரைப் பங்கிலும் இரண்டு வகை உண்டு: வாரம் ஒரு சின்னப் பெட்டி, அல்லது இரு வாரத்துக்கு ஒரு பெரிய பெட்டி. கிழங்கும் கோசும் வரும் பருவத்தில் இரண்டாவது தாராளமாகப் போதும். இலைப் பருவத்தில் முதலாவதுதான் சரி, இரண்டு வாரம் எந்தக் கீரை தாங்கும்?

வாரப் பெட்டி

இங்கே வாரத்துக்கு வாரம் பணம், வேண்டாத வாரம் நிறுத்திக்கொள்ளலாம். வாங்குபவருக்கு இதைவிட வசதி கிடையாது. நடத்துவது பெரும்பாலும் இடைநிலை நிறுவனம். பல பண்ணைகளில் கொள்முதல் செய்யும், பற்றாக்குறை வந்தால் மொத்தச் சந்தையில் வாங்கி நிரப்பும். பெட்டி ஒருநாளும் காலியாகாததன் ரகசியம் அதுதான். பொருளுக்குப் பொருள் பண்ணைப் பெயரும் அறுவடை நாளும் அச்சிட்டுத் தரும் நிறுவனம் என்றால் பரவாயில்லை. இல்லையென்றால் வீடு வந்து சேரும் சாதாரணக் கடைக் காய்க்குக் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். விவசாயிக்கு முன்பணமும் இல்லை, நஷ்டத்தில் துணையும் இல்லை.

முன்பண அட்டை

பருவத் தொடக்கத்தில் ஒரு தொகையைக் கட்டிவிட்டு, பண்ணைக் கடையில் பிடித்ததை எடுத்துக் கழித்துக்கொள்வது. விவசாயிக்குத் தேவையான நேரத்தில் பணம் கிடைக்கிறது, உங்களுக்கும் பிடிக்காத காய் வீட்டுக்கு வருவதில்லை. எங்கள் கணிப்பில் தனியாகவோ இருவராகவோ வாழ்பவர்களுக்கும், அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும் இதுதான் பொருத்தம். ஆனால் தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் முதல் ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்துபோகும். பருவம் முடிந்தால் மீதித் தொகை காலாவதியாகுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பணத்துக்குப் பதில் வாரம் சில மணி நேரம் களையெடுத்துத் தரும் உழைப்புப் பங்கும் சில இடங்களில் உண்டு. பண்ணை பக்கத்திலேயே இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

விலையை எப்படி ஒப்பிடுவது

பெட்டி விலையைப் பெட்டி எடையால் வகுத்தால் ஏமாறுவீர்கள். சமைத்த எடையால் வகுக்க வேண்டும். 6 கிலோ பெட்டியில் ஒன்றரைக் கிலோ குப்பைக்குப் போனால், கிலோ விலை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. நாலு வாரம் எடை போட்டுப் பார்த்தால் உங்கள் சமையலறை எந்தத் திட்டத்தைத் தாங்கும் என்று தெரிந்துவிடும்.

குப்பையைக் குறைக்கும் வேலை பெட்டி வந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது. கேரட், பீட்ரூட் தழையை இரண்டு செ.மீ. விட்டு நறுக்கிவிடுங்கள். நறுக்காமல் விட்டால் இலை வழியே கிழங்கின் நீர் போய் இரண்டே நாளில் துவண்டுவிடும். கீரையைக் கழுவாமல் ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். தக்காளியும் துளசி இனமும் வெளியே இருக்கட்டும், குளிரில் ஒன்று சுவை இழக்கும், மற்றொன்று கறுக்கும். பழுக்கும் ஆப்பிள், தக்காளி அருகே இலைகளை வைத்தால் எத்திலீன் வாயு பட்டு மஞ்சளாகிவிடும். முதல் இரண்டு நாள் மெல்லிய இலைகளைச் சமையுங்கள், அடுத்து பீன்ஸ், வெள்ளரி. கோசும் கிழங்கும் அடுத்த பெட்டி வரும்வரை காத்திருக்கும்.