“நாய் இருந்தா பரவாயில்லம்மா” என்ற ஒரு வார்த்தையை நம்பி 54,500 ரூபாய் விட்ட கதை

சென்னையில் நாயோ பூனையோ வைத்துக்கொண்டு வாடகை வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு நடந்தது மடிப்பாக்கத்தில். ஓனர் அம்மாவின் பெயரையோ தெருவையோ சொல்லப் போவதில்லை. அவர் செய்த விதத்தை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், ஏனென்றால் அது அவர் ஒருவரோடு முடிகிற வித்தை இல்லை.

எங்களிடம் இருப்பது பொன்னி. கலப்படமே இல்லாத தெரு நாய். குட்டியாக மழையில் நனைந்துகொண்டு கிடந்ததைத் தூக்கி வந்தோம். 2023 கோடையில் வீடு தேடியபோது புரோக்கர் காட்டிய எட்டு வீடுகளில் ஆறில் “நாயா? வேணாங்க” என்று வாசலிலேயே பேச்சு முடிந்தது. ஒன்றில் நாய் ஓகே, ஆனால் அசைவம் கூடாது. எட்டாவது வீட்டில்தான் ஓனர் அம்மா பொன்னியின் தலையைத் தடவி, “நாய் இருந்தா பரவாயில்லம்மா, வீட்டுக்குக் காவல்தானே” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு அக்ரிமென்ட் படிக்கக் கூடாது என்பது அப்போது தெரியவில்லை.

வாடகை 18,000. அட்வான்ஸ் பத்து மாதக் கணக்கில் 1,80,000. அதோடு “நாய் இருக்கறதால” என்று இன்னும் 20,000. மொத்தம் இரண்டு லட்சம். கீழ் போர்ஷனில் இருந்தவர்கள் கொடுத்தது ஒரு லட்சம்தான் என்பது குடிபோய் நாலு மாதம் கழித்துத் துணி காயப்போடும்போது பேச்சுவாக்கில் தெரிந்தது.

இங்கே ஒரு சட்ட விஷயம். தமிழ்நாட்டில் 2017-இல் கொண்டுவந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் விலக்கு உண்டு. அந்த ஓட்டை வழியாகத்தான் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, அக்ரிமென்டுக்கு வருகிறேன். பதினொரு மாத ஒப்பந்தம், டைப்பிங் சென்டரில் அடித்தது. பதினான்காவது ஷரத்தில் வாடகைதாரர் செல்லப்பிராணிகள் வளர்க்கக் கூடாது என்று தெளிவாக இருந்தது. நான் பார்க்காமல் இல்லை, பார்த்துவிட்டுக் கேட்டேன். “அது எல்லாருக்கும் அப்படியே அடிக்கறதும்மா. நான்தான் சொல்றேன்ல, அப்புறம் என்ன?” என்றார். என் கணவர் அதை அடித்துவிட்டு இருவரும் பக்கத்தில் கையெழுத்துப் போடலாம் என்றார். “சம்பந்தி மாதிரிப் பேசறீங்களே” என்று சிரித்தார் அம்மா. நாங்களும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். நான் செய்த தப்பு இதுதான். இதன் பிறகு நடந்ததெல்லாம் இந்த ஒரு சிரிப்பின் வட்டி.

ஒப்பந்தத்தை அரசின் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யலாமா என்று கேட்டதற்கு, வருமான வரி அது இது என்று இழுத்தார். அதையும் விட்டுவிட்டோம்.

பத்து மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. பொன்னிக்கு மிச்சச் சோறு வைத்தவரே அவர்தான். 2024 ஏப்ரலில் வாடகையை 23,000 ஆக்கச் சொன்னார். 1,500 ஏற்றித் தருகிறோம் என்றோம். அந்த வாரத்திலிருந்து பொன்னி குரைக்க ஆரம்பித்துவிட்டாள், அதாவது அவர் காதுக்கு மட்டும். மாடிப்படியில் முடி கிடக்கிறது, பக்கத்து வீட்டில் கம்ப்ளெய்ன்ட், தண்ணீர் மோட்டார் காலையில் அரை மணிதான். இந்த மோட்டார் விஷயத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது, குடம் தூக்கினோம்.

அப்போது பார்த்து மே மாதம் நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறிய செய்தி வந்தது. கொடூரமான சம்பவம், அதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஓனர் அம்மா மறுநாள் பேப்பரோடு மேலே வந்தார். “இதுக்கு லைசென்ஸ் இருக்கா? இல்லன்னா கார்ப்பரேஷனுக்குப் போன் பண்றேன்” என்றார். இருந்தது. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டி, ஐம்பது ரூபாய் கட்டி முன்பே எடுத்து வைத்திருந்தோம். இந்தக் கதையில் நாங்கள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். லைசென்ஸைப் பார்த்ததும் பேச்சு மாறியது. “அக்ரிமென்ட்ல பதினாலாவது பாயின்ட் படிச்சியாம்மா? ஒண்ணு நாயை எங்கயாவது கொண்டு விடு, இல்ல அடுத்த மாசமே காலி பண்ணு.”

எங்கயாவது கொண்டு விடுவதாம்! வளர்த்த பிராணியைத் தெருவில் விடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். அதைச் சொன்னால் வாக்குவாதம் வளரும் என்று சொல்லவில்லை. ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற விடமாட்டார்கள், என் மாமியார் உட்பட. அதனால் ஜூன் கடைசியில் காலி செய்தோம்.

சாவியைக் கொடுத்த அன்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பெயின்டிங் 18,000. தேக்குக் கதவை நாய் பிராண்டியதற்கு 35,000. நாற்றம் போகக் கழுவ 12,000. கிழிந்த கொசுவலைக் கதவை மாற்ற 6,500. இரண்டு மாத நோட்டீஸ் தராததற்கு ஒரு மாத வாடகை 18,000. மொத்தம் 89,500. அடுத்த மாசமே காலி பண்ணு என்றவர் அவர்தானே என்று கேட்டேன். “எழுத்துல இருக்கா?” என்றார். பரவாயில்லை என்றது வாயால், கூடாது என்றது எழுத்தில். போ என்றது வாயால், நோட்டீஸ் எழுத்தில். எந்தப் பக்கம் போனாலும் காகிதம் அவர் கையில்தான் இருந்தது.

கதவு விஷயத்தில் மட்டும் தப்பித்தோம். அதற்குக் காரணம் என் மாமியார். பால் காய்ச்சிய அன்று ஊரிலிருந்து வர முடியாததால், வீடு முழுக்க வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். அதை அவர் போனிலிருந்து தேடி வாங்கிப் பார்த்தால், வாசல் கதவின் கீழ்ப்பக்கம் அதே கீறல்கள். பொன்னி அந்த வீட்டுக்குள் காலே வைக்காத நாள் அது. அந்தக் கதவு தேக்கும் இல்லை. வீடியோவை அனுப்பியதும் இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு 35,000-ஐ மட்டும் விட்டுக்கொடுத்தார், ஏதோ தானம் செய்வதுபோல. மீதி 1,45,500 மூன்று தவணையாக வந்து முடிய அக்டோபர் ஆகிவிட்டது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பதுதான் சட்டம். இதற்கெல்லாம் வாடகை அதிகாரி என்று துணை ஆட்சியர் அளவில் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போகலாம். ஆனால் பதிவு செய்யாத ஒப்பந்தம், அதிலும் பதினான்காவது ஷரத்தை நாங்களே மீறியதாக இருக்கிற ஒப்பந்தம். தெரிந்த வக்கீல் ஒருவர் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். 54,500 ரூபாயை விட்டுவிட்டோம்.

இப்போது இருக்கும் வீட்டில் பொன்னியின் பெயர், நிறம், லைசென்ஸ் எண் எல்லாம் அக்ரிமென்டிலேயே இருக்கிறது. பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், நோட்டீஸ் எத்தனை நாள் என்பதும் ரூபாய், தேதிக் கணக்கில் எழுதியிருக்கிறது. இது அபார்ட்மென்ட். அசோசியேஷன் செயலாளர் முதல் வாரமே வந்து, இங்கே நாய்க்குத் தடை என்றார். எல்லாரும் சேர்ந்து தீர்மானம் போட்டாலும் அசோசியேஷன் நாய்க்குத் தடை விதிக்க முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் இது அசோசியேஷனுக்குத்தான். வீட்டு ஓனர் தன் ஒப்பந்தத்தில் நாய் கூடாது என்று எழுதி, நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால், இந்தக் காகிதத்தை அவரிடம் நீட்டிப் பிரயோஜனம் இல்லை. நிறைய பேர் இதில்தான் குழம்புகிறார்கள்.

இதை இன்றைக்கு எழுதக் காரணம், அந்த மடிப்பாக்கம் வீடு மறுபடியும் வாடகைக்கு வந்திருக்கிறது. நாய், பூனை வளர்ப்பவர்கள் வரவேற்கப்படுகிறார்கள், அட்வான்ஸ் இரண்டரை லட்சம். விளம்பரத்தில் ஹாலின் படம் போட்டிருக்கிறார்கள். சுவருக்குப் புது பெயின்ட். பின்னால் அந்தக் கொசுவலைக் கதவு தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். மாற்றுவதற்காக எங்களிடம் 6,500 பிடித்த அதே வலை. மூலையில் நான் பச்சை நூலால் தைத்துப் போட்ட ஒட்டு அப்படியே இருக்கிறது.