சிலேடையா, தன்னையே மாட்டிவிடற ஜோக்கா?

ரெண்டுமே சிரிப்புதானுங்க, ஆனா வேல செய்யற விதம் வேற. ஒரே சொல்லுல ரெண்டு அர்த்தம் வர்ற சிலேடைன்னா காளமேகப் புலவருதான், தேங்காயையும் நாயையும் ஒரே பாட்டுல கட்டிப்போட்டாரு பாருங்க, "ஓடும் இருக்கும்"னா தேங்காய்க்கு ஓடு இருக்கும், நாய்னா ஓடும் அப்புறம் சும்மா இருக்கும், குலைன்னா அங்க தேங்காக் கொல, இங்க நாய் கொலைக்கறது, பொள்ளாச்சித் தோப்புக்காரருகிட்ட சொன்னா ஒடனே புடிச்சுக்குவாரு. சொல்லைப் பிரிக்கத் தெரியாதவங்களுக்குத்தான் ஒன்னும் வெளங்காது.

இன்னொன்னு, பேச்சு தன்னையே மாட்டிவிடறது. ஈரோட்டுப் பக்கம் காம்பவுண்டு சொவத்துல பெருசா "சுவரில் எழுதாதீர்"னு பெயிண்ட்ல எழுதி வெச்சிருப்பாங்கல்ல, அதேதான். யாருக்கும் புரியும், ஆனா ரெண்டாந்தடவ சிரிப்பு வராதுங்க. (வெளக்கிச் சொன்னா ரெண்டுமே மொக்கைதான்.) சிலேடைய எத்தன தடவ வேணா பிரிச்சு மேயலாம், அதனால காளமேகத்துக்குத்தான் என்ற ஓட்டு.