ரூட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ்: மதுரை ஷட் டவுனுக்குத் தாங்குமா?

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கோ 10 மணிக்கோ கரண்டை நிறுத்தினால் மதியம் 2 மணிக்கு வரும், சில நாள் மாலை 5 ஆகிவிடும். பேப்பரில் ஏரியா பெயரோடு முதல் நாளே போட்டுவிடுவதால் அதற்காவது தயாராக இருக்கலாம். சித்திரை, வைகாசியில் காற்றோடு அடிக்கிற கோடை மழைக்கு எந்த அறிவிப்பும் கிடையாது. வில்லாபுரமானாலும் ஆனையூரானாலும் கரண்ட் போன அடுத்த நொடி வைஃபையும் போய்விடும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், பிஜிஎம்ஐ மொபைல் கேமில் கடைசி வட்டத்துக்குள் நிற்கிற பையன், ஓட்டு எண்ணுகிற நாளில் சுற்று வாரியாக முன்னிலை பார்க்கிறவர், அழகர் ஆற்றில் இறங்குவதை மொபைலில் நேரலையாகப் பார்க்கிற பாட்டி என்று எல்லோரும் ஒரே நேரத்தில் மொபைல் டேட்டாவுக்குத் தாவுவார்கள். மொத்தத் தெருவும் ஒரே டவரில் தொங்கினால் டேட்டா வேகம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வழியாகக் கடைகளில் விற்பதுதான் மினி யூபிஎஸ். சோப்பு டப்பா அளவுப் பெட்டி, உள்ளே லித்தியம் அயான் செல்கள், ரூட்டருக்கு நேராக 12 வோல்ட் கொடுக்கும். விலை ரகத்தைப் பொறுத்து 1,000 முதல் 2,500 ரூபாய் வரை. டவுன் ஹால் ரோடு பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் நாலைந்து பெயரில் எடுத்துப் போடுவார்கள். பெட்டி மேல் பெயர்தான் வேறு, உள்ளே இருக்கும் போர்டு பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் இங்கே எந்தக் கம்பெனியையும் தூக்கிப் பிடிக்கவில்லை. அதிகம் விற்கிற 12 வோல்ட், 2 ஆம்பியர், நான்கு செல், 8,800 எம்ஏஎச் (செல்லில் அடங்கும் சார்ஜின் அளவு) ரகத்தை வைத்தே பேசுவோம்.

சுருக்கமாகச் சொன்னால், வாங்கலாம், கொடுத்த காசுக்கு மோசமில்லாத சாமான். ஆனால் வாங்குபவர்களில் பாதிப் பேர் பார்க்காமல் விடுகிற விஷயம் வீட்டுக்குள் இல்லை, தெருவில் இருக்கிறது.

உங்கள் ரூட்டர் விழித்திருந்தால் மட்டும் போதாது, அதற்கு நெட் கொடுக்கிற மறுமுனையும் விழித்திருக்க வேண்டும். பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ போன்றவர்களின் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் முறையில் வருகிறது. கம்பெனி ஆபீஸிலிருந்து உங்கள் வீடு வரை நடுவில் இருப்பது ஃபைபரில் வருகிற ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் மட்டும்தான், அதற்குக் கரண்டே தேவையில்லை. ஆபீஸில் பேட்டரியோ ஜெனரேட்டரோ ஓடினால் உங்களுக்கு நெட் வரும். ஆனால் சில லோக்கல் கேபிள்காரர்கள் ஃபைபரைத் தெருமுனை வரை கொண்டுவந்து, அங்கே ஒரு மாடியிலோ கம்பத்திலோ ஸ்விட்ச் பெட்டி வைத்து, அதிலிருந்து லேன் கேபிளாக வீட்டுக்கு இழுத்திருப்பார்கள். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் யாரோ ஒரு வீட்டு மீட்டரிலிருந்து போகும். தெருவில் கரண்ட் போனால் அதுவும் படுத்துவிடும். அப்புறம் நீங்கள் எத்தனை ஆயிரம் போட்டு யூபிஎஸ் வாங்கினாலும் வைஃபை சின்னம் காட்டும், நெட் ஓடாது.

இதைக் காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதே இணைப்பு வைத்திருக்கிற பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், கரண்ட் போன நேரம் அவர்களுக்கு நெட் வருகிறதா என்று கேளுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் யூஎஸ்பியிலிருந்து 12 வோல்ட் ஆக்கித் தரும் ஸ்டெப் அப் கேபிள் 150, 200 ரூபாய்க்குக் கிடைக்கும். கரண்ட் போன நேரம் பவர் பேங்கில் அதைச் செருகி ரூட்டரை ஓட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ரூட்டரில் பான் (PON) என்று எழுதிய விளக்கு பச்சையாக நிலைத்து நின்றால் லைன் உயிரோடு இருக்கிறது. எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை, யூபிஎஸ் வாங்குவது வீண். பான் பச்சையாக இருந்தும் இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியாவிட்டால் கோளாறு இன்னும் மேலே இருக்கிறது, கேபிள்காரரிடம்தான் கேட்க வேண்டும். லேன் கேபிளாக வருகிற இணைப்புக்கு இந்த விளக்குகள் எதுவும் இருக்காது, நெட் வருகிறதா என்று நேராகப் பார்த்துவிட வேண்டியதுதான்.

அந்தக் கேபிளையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். பல பவர் பேங்குகள் சார்ஜ் ஏறத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் வெளியே கொடுப்பதை ஒரு கணம் வெட்டிவிடும், ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். சோதனைக்குச் சரி, அதோடு எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது எத்தனை மணி நேரம் நிற்கும் என்கிற கேள்வி. கடையில் நடக்கிற பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, இது எவ்வளவு நேரம் நிக்கும்?"

"எட்டு மணி நேரம் அசால்ட்டா நிக்கும்ணே. 8,800 எம்ஏஎச் போட்டிருக்கான் பாருங்க."

அந்த 8,800 என்பது 3.7 வோல்ட்டில் அளந்தது, 12 வோல்ட்டில் அல்ல. 8,800 எம்ஏஎச் என்றால் 8.8 ஆம்பியர் அவர், அதை 3.7ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 32.5 வாட் அவர், அதாவது ஒரு வாட் இழுக்கிற சாமானை 32.5 மணி நேரம் ஓட்டுகிற அளவு. வோல்ட்டை ஏற்றி இறக்குவதில் 15 சதவீதம் போனால் கைக்கு வருவது 27, 28 வாட் அவர். ஒரே பெட்டியில் வைஃபையும் சேர்ந்த ஃபைபர் மோடம் சாதாரணமாக 6 முதல் 10 வாட் இழுக்கும். 7 வாட் என்றால் 4 மணி நேரம், 9 வாட் என்றால் 3 மணி நேரம். மோடம் தனி, ரூட்டர் தனி என்று இரண்டும் ஓடுகிற வீட்டில் இரண்டரை மணி நேரம் தாண்டினாலே நல்ல செல் என்று அர்த்தம். ஆக, கோடை மழைக்கு இது தாராளம். 9 முதல் 2 வரைக்கான ஷட் டவுனுக்குக் கடைசி நேரத்தில் கையை விரித்துவிடும். அந்த நாளில் மட்டும் ரூட்டர் செட்டிங்கில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை அணைத்து, தேவையில்லாத லேன் கேபிள்களைப் பிடுங்கி வைத்தால் கொஞ்ச நேரம் கூடுதலாக இழுக்கும். முழு நாளும் நிற்க வேண்டுமானால் இதைப் போல இரண்டு மடங்கு வாட் அவர் உள்ளதைத் தேட வேண்டும். எம்ஏஎச்சைப் பார்க்காதீர்கள், வாட் அவரைப் பாருங்கள். பெட்டியில் அதைப் போடாத கம்பெனிக்கு மறைக்க ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

செல்லில் நடக்கிற ஏமாற்று தனிக் கதை. உள்ளே இருப்பது 18650 என்ற உருளைச் செல், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவில் நல்ல கம்பெனிச் செல்லே ஒன்றுக்கு 3,500 எம்ஏஎச் சுற்றித்தான் தரும், சாதாரணச் செல் 2,000 முதல் 2,600 வரை. இரண்டு செல் உள்ள பெட்டியில் 10,000 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் அது அச்சகத்தில் ஏறிய சார்ஜ். கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்ல முடியாது, ஆனால் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஒரு செல் சுமார் 45 கிராம். நான்கு செல் என்றால் செல் மட்டுமே 180 கிராம், போர்டும் கூடும் சேர்த்தால் 250 கிராம் பக்கம் வர வேண்டும். 150 கிராம்கூட வராத பெட்டியில் நான்கு செல் இருக்க வழியில்லை. பக்கத்து மளிகைக் கடைத் தராசு இதற்குப் போதும். அதோடு ஐஎஸ் 16046 என்ற பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை பேட்டரிக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வோல்ட் விஷயத்தில் கவனம் தேவை. உங்கள் ரூட்டர் அடாப்டரின் அடியில் அவுட்புட் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் 1 ஆம்பியர், 12 வோல்ட் 1.5 ஆம்பியர் என்றிருந்தால் பிரச்சினை இல்லை. ஆம்பியர் யூபிஎஸ்ஸில் கூடுதலாக இருந்தால் கெடுதல் கிடையாது, ரூட்டர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் மட்டும் பொருந்தியே ஆக வேண்டும். சில பழைய சின்ன ரூட்டர்கள் 9 வோல்ட், சில 5 வோல்ட். அவற்றில் 12ஐச் செருகினால் ரூட்டரை மறந்துவிடலாம். பல யூபிஎஸ்களில் 5, 9, 12 என்று மூன்று துளையும் அருகருகே ஒரே அளவில் இருப்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. பொருந்தாத துளைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி மூடிவிடுவது நல்லது, வீட்டைத் துடைக்கும்போது கழற்றி மாட்டுகிறவர்கள் எல்லோரும் லேபிள் படிக்க மாட்டார்கள்.

மலிவு ரகங்களில் இன்னொரு குறை உண்டு. மூன்று செல்லை வரிசையாகக் கோர்த்து, நடுவில் வோல்ட்டைச் சீராக்கும் சர்க்யூட் எதுவும் இல்லாமல் நேராக வெளியே விட்டிருப்பார்கள். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், தீரத் தீர 9 வோல்ட் வரை இறங்கும். பல ரூட்டர்கள் பொறுத்துக்கொள்ளும், சில 10 வோல்ட்டுக்குக் கீழே போனதும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். இன்னும் ஒரு மணி நேரச் சார்ஜ் மிச்சம் இருந்தும் பயன்படாது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ரூட்டர் ஓடும்போதே இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள், 11.5க்கு மேல் நின்றால் சீராக்குகிற போர்டு என்று நம்பலாம்.

பின் அளவு பெரும்பாலும் வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர், உள் துளை 2.1. உள் துளை 2.5 உள்ள கேபிளைக் கொடுத்தால் பொருந்தினாற்போலத் தெரியும், ஆனால் தொட்டால் ஆடும், ஆடினால் ரூட்டர் அணையும். "நெட் அப்பப்ப கட் ஆகுது" என்ற புகாரில் கேபிள்காரரைத் திட்டுவதற்கு முன் இந்தப் பின்னை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிடலாம்.

மாட்டும் முறை எளிது. பழைய அடாப்டர் யூபிஎஸ்ஸின் இன்புட்டில், யூபிஎஸ்ஸின் அவுட்புட் ரூட்டரில். முதல் நாள் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறவிட்டு, காலையில் சுவர் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். ரூட்டரின் பவர் விளக்கு ஒரு சிமிட்டலும் இல்லாமல் எரிய வேண்டும். இதுதான் இந்தச் சாமானின் உண்மையான பலம். கரண்ட் இருக்கும்போதும் செல்கள் இணைப்பிலேயே இருப்பதால் மாறுகிற இடைவெளி என்று எதுவும் இல்லை. விளையாடுகிறவர்களுக்கு மேட்ச் அறுபடாது, பிங் (நெட் பதில் வருகிற தாமதம்) ஏறாது. ரூட்டர் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனால் ஃபைபரில் பதிவாகி, லாகின் முடிந்து மறுபடி நெட் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கிறவருக்கும் அதே கதிதான்.

இங்கே அடாப்டர் ஒரு சிக்கல். ரூட்டரோடு வந்த 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் ரூட்டருக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கொடுத்தது. கரண்ட் திரும்பியதும் அது ரூட்டரையும் ஓட்டி, காலியான செல்லுக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும். 12 வாட்டுக்கு மேல் இழுத்தால் சூடேறி, சில மாதத்தில் போய்விடும். தனியாக 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நேராகச் சுவரில் செருகுகிற, அடாப்டர் உள்ளேயே வருகிற ரகம் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் முதலில் ரூட்டர் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா பாருங்கள். பல வீடுகளில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும் அந்த லைனைக் கொடுத்து, ஹால் பிளக் பாயின்ட்டை விட்டிருப்பார்கள். எலெக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுக்கிற வேலை. மாற்றிய பிறகும் கரண்ட் போகும்போது ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனால் இன்வெர்ட்டரின் பின்பக்கம் உள்ள சுவிட்சை யூபிஎஸ் மோடுக்குத் தள்ளிப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லையென்றால்தான் மினி யூபிஎஸ்.

சிசிடிவி டிவிஆரை (கேமரா படத்தைப் பதிவு செய்கிற பெட்டி) இதில் ஓட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போதே 2 ஆம்பியரைத் தொடும், நான்கு கேமராவும் சேர்ந்தால் யூபிஎஸ் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். இடியையும் இது தடுக்காது. ஃபைபர் வழியாக மின்னல் வராது, ஆனால் மொட்டை மாடியில் இழுத்த லேன் கேபிள் வழியாக வரும். இடி இடிக்கும்போது அந்தக் கேபிளைக் கழற்றுவதுதான் வழி.

மதுரை வெயிலில் இந்தப் பெட்டிக்கு முதல் எதிரி சூடு. லித்தியம் செல் முழுச் சார்ஜில், சூட்டிலேயே இருந்தால் சீக்கிரம் கிழடாகும், இதுவோ வருஷம் முழுக்க முழுச் சார்ஜிலேயே உட்கார்ந்திருக்கும் சாமான். ரூட்டரின் தலைமேல் வைத்து ரப்பர் பேண்ட் போடுவது, லாஃப்ட்டில் தகர ஷீட்டுக்குக் கீழே திணிப்பது இரண்டும் ஆகாது. சுவரில் தனியாக, ரூட்டரை விட்டு ஒரு சாண் தள்ளி, காற்று போகிற இடத்தில் வையுங்கள். இப்படி வைத்தால் இரண்டு வருஷம் எதிர்பார்க்கலாம். 4 மணி நேரம் நின்றது ஒன்றரை மணி நேரம் ஆகும்போது செல் தளர்ந்துவிட்டது என்று தெரியும். தட்டைப் பை மாதிரி பாலிமர் செல் உள்ள ரகம் என்றால் கூடு உப்பத் தொடங்கும், அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.

செல் மட்டும் மாற்றிக் கொடுக்கிற சர்வீஸ் கடைகள் இருக்கின்றன. நேராகச் சூட்டுக்கோல் வைத்து ஈயம் பற்றவைக்கிறவரிடம் கொடுக்காதீர்கள், அந்தச் சூடு செல்லின் உள்ளே போய்க் கெடுக்கும். நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்கிறாரா என்று கேட்டுவிட்டு, பழையதும் புதியதும் கலக்காமல் நான்கையும் ஒரே ரகமாகப் போடச் சொல்லுங்கள். கூலியோடு சேர்த்துப் புதுப் பெட்டி விலையில் பாதியைத் தாண்டினால் புதிதாகவே வாங்கிவிடலாம், வாரன்டியாவது கிடைக்கும். வாரன்டி ஆறு மாதமா ஒரு வருஷமா, அதில் செல்லும் அடக்கமா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தையில் போர்டுக்கு மட்டும்தான் என்று பிறகு சொல்வார்கள்.