துணையோடு வாழும் பிரெய்ரி வோல், தனித்து அலையும் மெடோ வோல்

வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் இந்த இரண்டு எலிகளும் பார்க்க ஒரே சாடைதான்: உருண்டை உடம்பு, குட்டை வால். இரண்டுக்கும் சினைக்காலம் சுமார் 21 நாள். இரண்டும் குட்டி போட்ட கையோடு மறுபடி இணைசேரும். குடும்ப வாழ்க்கையில்தான் எதிரும் புதிரும்.

பிரெய்ரி வோல் பெண் தன் குடும்பத்தோடு இருக்கும்வரை பருவத்துக்கு வருவதில்லை. அப்பன், அண்ணன் தம்பி வாடையில் ஒன்றும் நடக்காது. அந்நிய ஆணின் சிறுநீர் வாடை மூக்கில் ஏறவேண்டும். அதற்கு மேலுதட்டில் ஒரு சொட்டு பட்டாலே மூளையின் முகர்வுப் பகுதி வேலையைத் தொடங்கிவிடும். ஓரிரு நாளில் பெண் தயார். சினைமுட்டை வெளிப்படுவதும் கூடலின் தூண்டுதலால்தான். அப்புறம் ஆண் அதே வளையில் தங்கி, குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்து, அணைத்துச் சூடும் கொடுக்கும்.

மெடோ வோல் ஆணுக்கு இந்தப் பொறுப்பெல்லாம் கிடையாது. பெண்கள் ஆளுக்கொரு எல்லை வைத்திருக்க, அது பல எல்லைகளைச் சுற்றிவரும். இப்படி அலைவதால் வழி நினைவில் பெண்ணைவிட ஆணே கெட்டி. பிரெய்ரி வோலில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. குட்டி வளர்ப்பில் ஆணின் கை இல்லாததால் பெருக்கம் குறையும் என்று நினைக்கவேண்டாம். கூண்டில் வளர்ந்த ஒரு மெடோ வோல் ஒரே ஆண்டில் 17 ஈற்று ஈன்ற பதிவு உண்டு.

பிரெய்ரி வோலை 'கற்புக்கரசி' ஆக்குவதும் தப்பு. சேர்ந்து வாழ்வது வேறு, இணைசேர்வது வேறு. சில ஈற்றுகளில் வெளி ஆணின் குட்டியும் இருக்கும். குட்டிகளின் தகப்பன் யார் என்று பார்க்கும் மரபணுச் சோதனையிலும் தேறியது வேறோர் எலி: கலிஃபோர்னியா சுண்டெலி.

காரணம் மூளையில் இருக்கிறதா? 2004இல் மெடோ வோல் ஆணின் முன்மூளையில் வாசோபிரசின் என்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பியைக் கூட்டியதும், அது துணையை நாடத் தொடங்கியது. ஆனால் ஜோடிப் பிணைப்போடு தொடர்புபடுத்தப்படும் இன்னொரு ஹார்மோனான ஆக்ஸிடோசினுக்கு ஏற்பியே இல்லாத பிரெய்ரி வோல்களும் ஜோடி சேர்ந்ததை 2023இல் கண்டார்கள். ஒற்றை ஹார்மோனைக் காட்டிக் கதையை முடிக்கமுடியாது.

இரண்டையும் ஒப்பிட மூன்று அறைக் கூண்டு போதும். ஒரு நாள் ஜோடியாக விட்டபின் துணையை ஓர் அறையிலும் அந்நியரை மற்றோர் அறையிலும் கட்டிவைத்து, சோதிக்கும் எலியை அவிழ்த்துவிட்டு, அது யாரிடம் போகிறது என்று மூன்று மணி நேரம் கவனிக்கவேண்டும். அந்நியர் உருவத்திலும் பருவத்திலும் துணைக்கு நிகராக இல்லாவிட்டால் முடிவு கோணலாகும். அறையில் இருந்த நேரத்தை மட்டும் குறித்தாலும் ஏமாறுவோம். சண்டைக்குப் போனதும் அதில் சேர்ந்துவிடும். உடம்போடு உடம்பு ஒட்டிப் படுத்திருந்த நேரத்தைத் தனியே எண்ணவேண்டும்.