ஆம்னில நாயனம் நாயனமா கேக்கணும்: கும்பகோணத்துல வண்டி மியூசிக் செட் மாத்துன அனுபவம்

எங்க வண்டி 2009 மாடல் மாருதி ஆம்னி. அப்பா தவில், சித்தப்பா நாயனம், வண்டி ஓட்டுறது நான். மன்னார்குடி, திருவாரூர், மாயவரம்னு கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் இதுலதான் போயிட்டு வர்றோம். நீடாமங்கலம் தாண்டும்போதெல்லாம் தவில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊருன்னு அப்பா கையெடுத்து கும்பிடுவாரு, அப்பறம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாயனத்துல வாசிச்ச தோடி ராகத்த போடச்சொல்லுவாரு. அவர் காலமானது 1956ல, ரெக்கார்டிங் எல்லாம் மோனோ, அதுவே பழசு, அதுக்கு மேல எங்க வண்டியோட இரைச்சல், அதுக்கும் மேல முன்னாடி வச்சிருந்தவரு மாட்டிவிட்டுப்போன டம்மு டம்முன்னு அடிக்கிற செட்டு. தோடி எங்கருந்து கேக்குறது.

மொத தடவை வேற ஊர்ல ஒரு கடையில யூனிட் (டேஷ்போர்டுல பாட்டு ஓடுற பெட்டி) மட்டும் மாத்துனோம். அங்க யூனிட்டோட மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் ஒண்ணா முறுக்கி விட்டுட்டாங்க. மஞ்சள் பேட்டரிலேருந்து நேரா வர்றது, மெமரிக்கு, எப்பவும் கரண்ட் இருக்கும். சிவப்பு சாவி போட்டாதான் வரணும். ரெண்டையும் சேத்துட்டா சாவிய எடுத்தாலும் செட் ஓடிட்டே இருக்கும். ஒருநாள் யாரும் ஆஃப் பண்ணல, விடியக்காலம் முகூர்த்தத்துக்கு மூணு மணிக்கு கிளம்பப்போனா பேட்டரி செத்துக்கிடக்கு, தெருவுல நாலு பேர எழுப்பி தள்ளி ஸ்டார்ட் பண்ணி ஓடுனோம். தாலி கட்டுறப்போ கெட்டிமேளம் இல்லைன்னா பொண்ணு வீட்டுக்காரங்க மூஞ்சில முழிக்க முடியுமா? அந்த பதட்டம் எனக்கு இன்னும் போகல.

அதனால இந்த தடவை ஆடி மாசமா பாத்து, எங்களுக்கு கல்யாணம் இல்லாத நேரத்துல, கும்பகோணத்துல தெரிஞ்சவங்க சொன்ன ஒரு சின்ன கடைக்கு போனேன். ஒரு ஷட்டர் கடை, அண்ணனும் ஒரு தம்பியும் மட்டும்தான் வேலை பாக்குறாங்க. நான் போனதும் சத்தத்த ஏத்துற பெரிய ஆம்ப், பாஸுக்குன்னு தனியா 12 இன்ச் சப்வூஃபர் ஸ்பீக்கர்னு கேட்டேன். அந்த அண்ணன் "வண்டில என்னா கேப்பீங்க தம்பி"ன்னாரு. நாயனம், தவில்னேன். பின்னாடி கதவ தொறந்து ரெண்டு தவில் பெட்டி வைக்கிற இடத்த பாத்துட்டு, "சப்வூஃபர் பெட்டி வச்சா இத எங்க வைப்பீங்க, மொதல்ல இரைச்சல கொறைப்போம், அப்பறமும் வேணும்னு தோணுனா வாங்க"ன்னாரு. விக்க வேண்டிய பொருள வேணாம்னு சொல்ற கடைக்காரர நான் அன்னிக்குதான் பாத்தேன்.

ஆம்னி ஓட்டுறவங்களுக்கு தெரியும், முன் சீட்டுக்கு அடிலதான் இன்ஜின். 796 சிசி, மூணு சிலிண்டர், சூடும் சத்தமும் நேரா நம்ம முதுகுக்குதான் வரும். கதவு வெறும் தகரம், தட்டுனா டப்பா மாதிரி கேக்கும். முன் கதவு, சைடு கதவு, சீட்டுக்கு அடிலனு தகரத்தோட அதிர்வ அடக்குற பியூட்டைல் ரப்பர் ஷீட் (டேம்பிங் ஷீட்) ஒட்டுனாரு, மேல அலுமினியம் ஃபாயில் இருக்குற டைப். விலை கம்மின்னு தார் ஷீட் வாங்கிடாதீங்க, நம்ம ஊரு சித்திரை வெயில்ல இளகி நாறும்னாரு. கதவுக்கு கீழ தண்ணி வடியற ஓட்டை இருக்கும், அத அடைக்காம ஒட்டணும், இல்லன்னா மழைத்தண்ணி உள்ளயே நின்னு துருப்பிடிக்கும். இத அந்த தம்பி ஒட்டிட்டே என்னைய கூப்பிட்டு காட்டுச்சு. ஒட்டுன கதவ சாத்துனப்ப வந்த சத்தமே வேற.

அப்பறம் ஸ்பீக்கர். முன் கதவுக்கு பிளைவுட்ல வளையம் அறுத்து கம்போனன்ட் செட் போட்டாரு, அதுல மேல் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர் (ட்வீட்டர்) தனியா டேஷ்போர்டு ஓரத்துல. பழைய இடது ஸ்பீக்கர்ல பிளஸ் மைனஸ் மாறியிருந்துச்சாம், ஒண்ணு முன்னாடி தள்றப்ப இன்னொண்ணு பின்னாடி இழுக்கும், பாஸ் ஒண்ணையொண்ணு அடிச்சிக்கிட்டு காணாமப்போயிடும். எப்படி கண்டுபிடிச்சாருன்னா சாதா 1.5 வோல்ட் பேட்டரியோட பிளஸ்ஸ ஸ்பீக்கர் பிளஸ் வயர்லயும் மைனஸ மைனஸ்லயும் ஒரு செகண்ட் தொட்டு, கோன் வெளிய வருதா உள்ள போகுதான்னு பாத்தாரு. வெளிய வந்தா சரி. இத்தனை வருஷம் பாஸ் பத்தலைன்னு நாங்க பாஸ ஏத்தி ஏத்தி வச்சிட்டிருந்ததுக்கு காரணமே இந்த ஒரு வயர்தான்.

ஆக்சிலேட்டர் குடுக்க குடுக்க 'ஊஊ'ன்னு ஒரு சத்தம் சுருதி ஏறிட்டே வரும், சித்தப்பாவுக்கு அது காதுல ஊசி குத்துற மாதிரி. அது ஆல்டர்னேட்டர் சத்தம். எர்த் வயர பெயின்ட் மேலயே ஸ்க்ரூ அடிச்சிருந்தாங்க, பெயின்ட சுரண்டி தகரத்துல நேரா புடிக்கிற மாதிரி நீளம் கம்மியான வயரா போட்டாரு, போயே போச்சு. பேட்டரி பக்கத்துலயே ஒரு ஃபியூஸும் வச்சிருக்காரு. மஞ்சள் சிவப்ப தனித்தனியா பிரிச்சு, சாவிய எடுத்து செட் அணையறத என் கண்ணு முன்னாடி மூணு தடவை காட்டுனாரு.

யூனிட்டு சோனி சிங்கிள் டின், ப்ளூடூத் யூஎஸ்பி மட்டும், ஸ்க்ரீன் கெடையாது. பெட்டி மேல 55 வாட்ஸ்னு போட்டிருக்கறத பாத்து மயங்க வேணாம், அது உச்சத்துக்கு சொல்றது, தொடர்ந்து வர்றது 20 பக்கம்தான். இரைச்சல் கொறைஞ்ச வண்டிக்கு அதுவே தாராளம். செட்டிங்ல எக்ஸ்ட்ரா பாஸ் ஆஃப், லவுட்னஸ் ஆஃப், கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ்ல ஹை பாஸ், அதாவது அதுக்கு கீழ உள்ள கனத்த சத்தத்த அந்த ஸ்பீக்கருக்கு விடாது. ட்வீட்டர் நாயனத்துக்கு கொஞ்சம் குத்துச்சு, ஒரு புள்ளி எறக்கிட்டோம்.

செலவு: யூனிட் 5,500, ஸ்பீக்கர் 4,800, டேம்பிங் 5,000, கூலி 3,000, மொத்தம் 18,300. குறையும் இருக்கு. ஒரு நாள்ல முடிச்சிடலாம்னு சொல்லி ரெண்டு நாள் ஆக்கிட்டாங்க, நான் ரெண்டு தடவை பஸ்ல போயிட்டு வந்தேன். பில்லும் கேட்டாதான் குடுக்குறாங்க, வாரண்டிக்கு அது வேணும், கேட்டு வாங்கிடுங்க. வளையத்துக்கு அடிச்ச கருப்பு பெயின்ட் கதவு கலரோட ஒட்டல.

ஆவணியில மொத முகூர்த்தத்துக்கு போறப்ப வலங்கைமான் தாண்டி அப்பா தோடிய போடச்சொன்னாரு. பக்கத்துல நின்னு வாசிக்கிற மாதிரி நாயனம் வந்துச்சு. அடுத்து எங்க மேள செட்டோட பழைய கச்சேரி ஒண்ணு, செல்போன்ல எடுத்தது. அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்பறம் "தொப்பி தனியா கேக்குதுடா, வலந்தலை தனியா கேக்குது"ன்னாரு. தவில்ல தொப்பிங்கறது இடது பக்கம், குச்சியால அடிக்கிறது, வலந்தலை கூடு போட்ட விரலால வாசிக்கிறது. முன்னாடி ரெண்டும் சேந்து ஒரே மொத்தையா கேக்கும். சப்வூஃபர் பத்தி அதுக்கப்பறம் வீட்ல யாரும் பேசல.

ஐப்பசி மழையில கதவுக்குள்ள தண்ணி நிக்கல, பாத்தாச்சு. வலது ட்வீட்டர் மட்டும் நம்ம ரோட்டு குலுக்கல்ல லூசாகி கடகடன்னுச்சு, கொண்டுபோனேன், அஞ்சு நிமிஷத்துல முடுக்கி விட்டாரு, காசு வாங்கல. பின்னாடி இருக்குற பழைய ஓவல் ஸ்பீக்கர் ரெண்டும் ஓரம் கிழிஞ்சிருக்கு, தை மாச முகூர்த்தம் ஆரம்பிக்கறதுக்குள்ள அதையும் அவர்கிட்டயே மாத்தப்போறேன்.