2.92 மி.மீ. என்று சொல்லி எஸ்.எம்.ஏ. கனெக்டரை விற்றார்கள்: பலகை செய்வோர் கவனத்திற்கு

பினாங்கு, பாயான் லெப்பாஸில் 28 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாப் பலகைகளைச் சோதிக்கும் வேலை எனக்கு. மூன்று மாதங்களுக்கு முன் கோலாலம்பூர் விற்பனையாளர் ஒருவரிடம், பலகை விளிம்பில் பொருத்தும் 2.92 மி.மீ. கோஆக்சியல் கனெக்டர்கள் (கேபிளைப் பலகையோடு இணைப்பவை; நடுக்கடத்தி ஒன்றும் அதைச் சுற்றி வெளிக்கடத்தி ஒன்றும் கொண்டவை) எட்டை, ஒன்று 170 ரிங்கிட் வீதம் வாங்கினேன். மைக்ரோஸ்ட்ரிப் கோட்டில், அதாவது பலகைமேல் சிக்னலைக் கொண்டுசெல்லும் செம்புப் பட்டையில், பற்றவைத்துத் தரும் வேலையையும் அவரிடமே ஒப்படைத்தேன்.

வந்த பலகைகளை, அனுப்பிய சிக்னலில் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் நெட்வொர்க் அனலைசரில் பார்த்தபோது, 10 கிகாஹெர்ட்ஸ் வரை குறையேதும் தெரியவில்லை. 28-இல் ரிட்டர்ன் லாஸ் வெறும் 6 டெசிபெல், அதாவது அனுப்பிய திறனில் கால் பங்கு திரும்பி வந்துகொண்டிருந்தது. பிழை என் வடிவமைப்பில்தான் என்று நம்பி இரண்டு வாரங்களைத் தொலைத்தேன். பிறகு உருப்பெருக்கியில் கனெக்டரின் வாயைப் பார்த்தால், நடுக்கடத்தியைச் சுற்றி விளிம்பு வரை வெள்ளை டெஃப்லான் பிளாஸ்டிக்! எஸ்.எம்.ஏ. என்ற சாதாரண வகைக் கனெக்டரின் அடையாளம் அது. 2.92 கனெக்டரில் அவ்விடத்தில் காற்றுதான் இருக்கும். அந்த எண்ணே வெளிக்கடத்தியின் உள்விட்டம். 2.92 வகை 40 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும், சாதாரண எஸ்.எம்.ஏ.வுக்கு 18 வரைதான் உறுதி. இரண்டும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும் என்பதே ஏமாற்றுபவருக்கு வசதி.

பொருத்திய விதம் இன்னும் மோசம். 0.254 மி.மீ. தடிமனுள்ள ரோஜர்ஸ் 4350பி என்ற உயர் அலைவெண் பலகையில் 50 ஓம் கோட்டின் அகலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான், அதன்மேல் 1.27 மி.மீ. ஊசியைக் கிடத்தி, ஈயத்தைக் குன்றுபோல் குவித்திருந்தார்கள். அந்தக் குவியல் கபாசிட்டன்ஸைக் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மையை) கூட்டி, சிக்னலைத் திருப்பி அனுப்பும். போதாததற்கு, கனெக்டர் உடலுக்கும் பலகை விளிம்புக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி: மேலே ஊசி அதைத் தாண்டிவிடுகிறது, கீழே கிரவுண்ட் மின்னோட்டமோ சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது, இந்த அலைவரிசையில் அந்தச் சுற்றே ஓர் இண்டக்டர், அதாவது மின்னோட்ட மாற்றத்தைத் தடுக்கும் சுருள் போன்றது.

தொலைபேசியில் கேட்டதற்கு, “திருகினா சேருதுல்ல தம்பி, அப்புறம் என்ன?” என்றார். பற்றவைத்த பொருளைத் திரும்பப் பெற முடியாது என்றும் சொல்லிவிட்டார். தொழிலுக்காக வாங்கியது என்பதால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போக வழியில்லை.

ஆகவே பணம் கட்டுமுன், வாய்ப்புறத்தின் நெருக்கமான படத்தையும், ஊசி விட்டம் குறித்த வரைபடத்தையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். நடுக்கடத்தியின் ஆழத்தை அளவியால் சோதிக்காமல் எதையும் அனலைசர் கேபிளில் திருகாதீர்கள். எட்டில் ஒன்றில் அது வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், எங்கள் சோதனைக் கேபிளின் ஊசி உள்ளே தள்ளப்பட்டுவிட்டது. புதிய கேபிளுக்கான விலை, எட்டு கனெக்டர்களுக்கும் நான் கொடுத்த 1,360 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது.