1978 என்று வாங்கிய வாட்ச்சுக்குள் 1996

பழைய சீக்கோ 5 கைக்கடிகாரம் ஒன்றை இணையத்தில் பார்த்து மனம் இளகியிருப்பவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 7,500 ரூபாய் அனுப்பிய பிறகுதான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

அத்தா குவைத்தில் வேலை பார்த்தவர். 1990 ஆகஸ்ட்டில் ஈராக் படை உள்ளே நுழைந்தபோது, மற்றவர்களைப் போலவே பாலைவனம் கடந்து ஜோர்டானின் தலைநகர் அம்மான் வந்து, அங்கிருந்து ஏர் இந்தியா விமானத்தில் ஊர் திரும்பினார். அம்மானில் காத்திருந்த நாட்களில் கையிலிருந்த சீக்கோவை விற்றுத்தான் சாப்பிட்டார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. அம்மாதான் சொல்வார்: நீல டயல், நான்கு மணிக்கு அருகில் உள்ளடங்கிய சாவி, கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் மாறி மாறி வரும்.

போன வருடம் ஒரு விற்பனையாளரின் பக்கத்தில் நீல டயல் சீக்கோ ஒன்றைப் பார்த்தேன். 'என் பெரியப்பா 1978-இல் குவைத்திலிருந்து கொண்டுவந்தது, எல்லாம் கம்பெனி பாகங்கள், சர்வீஸ் செய்தது' என்று எழுதியிருந்தார். குவைத் என்ற சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. பின்மூடியைத் திறந்து ஒரு படம் அனுப்பச் சொன்னேன். 'திறந்தால் தண்ணீர் புகாத சீல் போய்விடும் சார்' என்றார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆன ரப்பர் வளையம் இனி எந்தத் தண்ணீரைத் தடுக்கப்போகிறது? அதுவும் சர்வீஸ் செய்தது என்றால் ஏற்கெனவே ஒருவர் திறந்திருக்க வேண்டும். இவ்வளவும் இப்போது தோன்றுகிறது, அன்று தோன்றவில்லை.

வாட்ச் வந்தது. பார்க்க அழகாகவே இருந்தது, அதை மறுக்கமாட்டேன். அன்று இரவு கிழமையைச் சரிசெய்யச் சாவியை ஒரு படி இழுத்துத் திருகினேன். ஆங்கில ஞாயிறுக்கு அடுத்து அரபி எழுத்து வரும் என்று காத்திருந்தேன். வந்ததோ 'தோமிங்கோ' என்பதன் முதல் மூன்று எழுத்துகள். ஸ்பானிய மொழி. குவைத் கடைத்தெருவில் ஸ்பானியக் கிழமை போட்ட வாட்ச்சை யார் தேடி வாங்கியிருப்பார்?

மறுநாள் திருச்சி தெப்பக்குளம் பக்கம், ஐம்பது வருடமாகக் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திருகி எடுத்தார். சிரித்தார்.

"தம்பி, மூடியில் என்ன எண் போட்டிருக்கிறது, படியுங்கள்."

"7009 என்று தொடங்குகிறது அண்ணே."

"உள்ளே இருப்பது 7எஸ்26."

இந்த எண் கணக்கை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். இது ஒன்று தெரிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். பழைய சீக்கோவின் பின்மூடியில் 7009-க்குப் பின் ஒரு கோடு போட்டு இன்னும் நான்கு எழுத்தோ எண்ணோ இருக்கும். கோட்டுக்கு முன்னால் இருப்பது மெஷின் எண், பின்னால் இருப்பது கேஸ் எண், அதாவது வெளிக்கூட்டின் எண். அதே மெஷின் எண் உள்ளே மெஷினின் மீதும் இருக்க வேண்டும். டயலின் அடியில், ஆறு மணிக்குக் கீழே, பூச்சி ஊர்ந்தது போன்ற பொடி எழுத்திலும் அதே நான்கு எண்கள் இருக்கும். மூடியில் தனியாக ஆறு இலக்கத் தொடர் எண் ஒன்று உண்டு. அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு சுழியம், நவம்பருக்கும் டிசம்பருக்கும் அவற்றின் ஆங்கில முதலெழுத்து. என்னுடையது 82 என்று தொடங்கியது. அதாவது 1978 பிப்ரவரி, அல்லது 1988 பிப்ரவரி. எந்தப் பத்தாண்டு என்பதை அந்த எண் சொல்லாது. மெஷினை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். என் வாட்ச்சில் மெஷினோ 1996-இல்தான் சந்தைக்கு வந்த ரகம். புதிய மொந்தையில் பழைய கள் என்பார்கள். இது பழைய மொந்தையில் புதிய கள்.

பெரியவர் மேற்கொண்டு காட்டினார். டயலில் 17 ஜுவல் என்று அச்சு, மெஷினுக்குள் தேய்மானம் தடுக்க வைக்கும் பொடிக் கற்களின் எண்ணிக்கை அது. உள்ளே சுழலும் தகட்டில் 21. டயல் பழையதே அல்ல, பழைய தகட்டைச் சுரண்டி நீலம் பூசி மறுபடி அச்சடித்தது. லென்ஸ் வழியே பார்த்தால் எழுத்துகளின் ஓரம் மழையில் நனைந்த சுவரொட்டி போல ஊறியிருந்தது. நிமிடக் கோடுகள் சில இடங்களில் மணிக் குறிகளுக்கு நேராக இல்லை. ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய பொடி எண்களும் இல்லை. முட்கள் இன்னொரு வாட்ச்சிலிருந்து வந்தவை. மும்பையில் இப்படி மறு அச்சடித்த டயல்களை வைத்து வாட்ச் கோப்பது பெரிய தொழிலே என்றார்.

விற்றவருக்கு எழுதினேன். 'பழைய பொருளில் இதெல்லாம் சகஜம் சார், ஓடுகிறதல்லவா?' என்றார். இரண்டாவது செய்திக்குப் பதில் இல்லை. மூன்றாவது போய்ச் சேரவே இல்லை, என்னைத் தடுத்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதிவு செய்தேன். விற்றவரின் முகவரி கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு கைப்பேசி எண்ணும் பணம் போன கணக்கின் பெயரும்தான். விற்பனைத் தளத்தின் வழியாக அல்லாமல் நேராகப் பணம் அனுப்பியது என் சொந்த முட்டாள்தனம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் எரிச்சல். வளைகுடாவிலிருந்து வந்த வாட்ச்சுக்கு இங்கே உதிரிப் பாகம் கிடைக்காது. பழுதானால் ஒன்றை உடைத்து இன்னொன்றை ஓடவைப்பார்கள். அதை நான் மோசடி என்று சொல்லமாட்டேன், அது பிழைக்கும் வழி. 'மெஷின் மாற்றியது, டயல் மறு அச்சு' என்று எழுதி 2,500 ரூபாய்க்கு விற்றிருந்தால் ஒருவேளை நானே வாங்கியிருப்பேன். பெரியப்பாவையும் குவைத்தையும் சேர்த்ததற்குத்தான் மீதி 5,000. எச்.எம்.டி. வாங்குபவர்களுக்கும் இதே கதைதான். 2016-இல் அந்த வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்த பிறகு, அதன் பைலட் என்ற பழைய ரகம் 'பெட்டி பிரிக்காதது' என்று எங்கிருந்தெல்லாமோ முளைக்கிறது.

இனி இதை என்ன செய்வது என்பதுதான் வீட்டில் பேச்சு. மச்சான் எளிதாகச் சொன்னார்: "அதே படங்களைப் போட்டு, அதே கதையை எழுதி விற்றுவிடுங்கள். நீங்களா ஏமாற்றினீர்கள்?" இரண்டு நாள் அதை யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விளம்பரத்தைத் தட்டச்சு செய்யக்கூடத் தொடங்கினேன். 'என் அத்தா குவைத்திலிருந்து' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

சரியான 7009 மெஷின், கம்பெனி டயல், முட்கள் தேடி மீட்டெடுக்கலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். "ஒன்றைப் பிழைக்கவைக்க இரண்டைக் கொல்ல வேண்டும் தம்பி. அந்தச் செலவில் நல்லதாகவே ஒன்று வாங்கிவிடலாம். இந்த மெஷின் மேல் என்ன குற்றம்? ஒரு நாளைக்குப் பத்து நொடிதான் முந்துகிறது."

அதனால் அப்படியே கட்டிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் செய்யச் சொன்னேன். பழுதுபார்ப்பவர்கள் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் தேதி கீறி வைப்பது வழக்கம். இதில் ஏற்கெனவே இரண்டு கீறல்கள் இருந்தன, ஒன்றில் 1991 என்று படிக்க முடிந்தது. அதன் கீழே பெரியவர் '7எஸ்26 மாற்று, டயல் மறு அச்சு' என்று கீறிக் கொடுத்தார். எனக்குப் பின் இது யார் கைக்குப் போனாலும், திறந்து பார்த்தால் விஷயம் தெரியும். கூலி கேட்டேன், டீ வாங்கித் தரச் சொன்னார்.

போன வாரம் வேறொரு பெயரில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. என் வாட்ச்சின் படத்தில் இருந்த அதே பழுப்புக் கம்பளி விரிப்பு, அதே சாய்வு, இம்முறை பச்சை டயல். 1974, மஸ்கட், தாத்தா. தெரியாதவன் போல, பின்மூடியைத் திறந்து ஒரு படம் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். கால் மணி நேரத்தில் பதில் வந்தது: 'திறந்தால் சீல் போய்விடும் சார்.'